ஞாயிறு காலை வாசலில் கோஷம் போட்டால்: கேள்வி பதில்

கடலூர் பக்கம் ஒரு ஜெபவீட்டின் எதிரே வருகிற ஞாயிறு ஆர்ப்பாட்டம் என்று ஓர் அமைப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அங்கே மதம் மாற்றுகிறார்களாம். நம் பையன்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். நான் வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். அமைதிப் பேச்சுவார்த்தை என்று எத்தனையோ பேரை எதிரெதிரே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் லுத்தரன் கோயிலுக்குப் போகிறவனும்கூட. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம், சபை மூப்பர்: ஐயா, இந்த ஆர்ப்பாட்டத்துக்குத் தடை வாங்க முடியுமா?

தடை கேட்டுப் போகாதீர்கள் ஐயா. நமக்கு வழிபாட்டு உரிமை தருவது அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூட அவர்களுக்கு உரிமை தருவது 19ஆம் பிரிவு. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது இடமும் நேரமும் மட்டும்: வாசலை விட்டுத் தள்ளி நிற்கட்டும், ஆராதனை முடியும்வரை மைக் வேண்டாம். வழிபாட்டுக்குக் கூடியவர்களுக்கு வேண்டுமென்றே இடைஞ்சல் செய்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 300ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 296.

மனுவை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். ஒரு பாஸ்டர் என்னிடம் நான்கு பக்க மனு கொண்டுவந்தார். மூன்றரைப் பக்கம் சங்கீதம். ஆராதனை எத்தனை மணிக்கு என்று எங்குமே இல்லை. இன்ஸ்பெக்டர் எதை வைத்துக் காவலர்களை அனுப்புவார்? ஒரே பக்கம் போதும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் வருவார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, தெரு எவ்வளவு அகலம், நோட்டீஸின் நகல். ‘மதவெறியர்கள்’, ‘குண்டர்கள்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். காவல் நிலையத்தில் கொடுத்து, மனு வாங்கியதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல் போகட்டும். ரசீது வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

முதுநகர், வாலிபர் சங்கம்: நாங்களும் இருநூறு பேர் எதிரே நின்றால் என்ன?

தம்பி, அப்போது மறுநாள் பேப்பரில் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று வரும். அவர்களுக்கு வேண்டியதே அதுதான். அதோடு, இரண்டு கூட்டம் சேரும் என்று தெரிந்தால் அதிகாரி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவில் (பழைய 144) தடை உத்தரவு போட்டுவிடுவார். உங்கள் ஆராதனையும் அதில் அடிபடும். வாசலில் நடுத்தர வயதுப் பெண்கள் நான்கு பேரும் பெரியவர்கள் இரண்டு பேரும் நிற்கட்டும். வாலிபர்கள் உள்ளே பாட்டுப் பாடுங்கள். ஒருவர் மட்டும் வீடியோ எடுக்கட்டும். எடுத்தது காவல் நிலையத்துக்கு; வாட்ஸ்அப்புக்கு அல்ல.

நெல்லித்தோப்பு, ஜெபக்குழு: போலீசுக்குப் போவது அவிசுவாசம் இல்லையா? மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே?

அறைந்த சேவகனைப் பார்த்து ‘ஏன் அடித்தாய்’ என்று அவரே கேட்டிருக்கிறார் அம்மா, யோவான் 18. பிலிப்பி பட்டணத்தில் பவுலை விசாரணையில்லாமல் அடித்து, மறுநாள் ‘சத்தமில்லாமல் போய்விடு’ என்றார்கள். ‘நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அனுப்பட்டும்’ என்று அவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அப்போஸ்தலர் 16. கத்தோலிக்கர்கள் திருத்தூதர் பணிகளில் தேடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: அவர்களுக்கு மோர் கொடுக்கலாமா?

கொடுங்கள். போட்டோ எடுப்பதற்காக என்றால் வேண்டாம்.

விருத்தாசலம்: தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறதா?

2002இல் கொண்டுவந்தார்கள், 2004இல் திரும்பப் பெற்றார்கள்.

பண்ருட்டி: ஞானஸ்நானம் எடுத்தால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?

1950 குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வருவார்கள். மற்றதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். இங்கே ஆரம்பித்தால் ஞாயிறு வந்துவிடும்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: கிறிஸ்தவர்கள் யாரும் இப்படி அடுத்தவர் வாசலில் போய் நிற்பதில்லையே, அங்கிள்?

நிற்கிறார்கள் பாப்பா. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் டொபீகாவில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் என்று ஒரு சபை. பெரும்பாலும் ஒரே குடும்பம். ராணுவ வீரர்களின் அடக்கத்தின்போது சாவைக் கொண்டாடும் அட்டைகளோடு வந்து நிற்பார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வழக்குப் போட்டார். பொது இடத்தில் நின்று பேச அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அவர்களை எதிர்கொண்ட விதங்களில் ஒன்று எனக்குப் பிடிக்கும். 1999இல் லாரமி என்ற ஊரில், கொலையான ஒரு மாணவனின் தோழர்கள் வெள்ளைத் துணியில் ஆள் உயரச் சிறகு தைத்து மாட்டிக்கொண்டு, அட்டைகளை மறைத்தபடி வரிசையாக நின்றார்கள். பேசவே இல்லை. இன்னொன்று: சபை நிறுவனரின் பேத்தி 2012இல் வெளியே வந்துவிட்டார். ட்விட்டரில் பொறுமையாகப் பேசிய அந்நியர்கள்தான் தன்னை யோசிக்க வைத்தார்கள் என்கிறார்.

புதுச்சேரி வாசகர்: நான் இந்து. வேதபுரீசுவரர் கோயிலை இடித்து அதன் மேல்தானே சம்பா கோவிலைக் கட்டினீர்கள்? நீங்கள் புகார் சொல்லலாமா?

பாதி சரி, பாதி தவறு. கோயிலை இடித்தது உண்மை. 1748, ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே. அவர் மனைவியும் சேசு சபைச் சாமியார்களும் முன்னின்றார்கள். அப்போது துய்ப்ளேயின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் கோயில் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் சர்ச் எழுப்பவில்லை. அந்தத் தேவாலயத்தையும் 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நாம் பார்ப்பது 1791இல் முடிந்தது. வேதபுரீசுவரர் இன்று ஈசுவரன் கோவில் தெருவில் இருக்கிறார்.

மஞ்சக்குப்பம், சபை மூப்பர்: ஐயா, இந்த நேரத்தில் இதை ஒத்துக்கொள்ள வேண்டுமா? அவர்கள் கையில் கத்தியைக் கொடுக்கிறீர்கள்.

அச்சில் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன நாட்குறிப்பை நான் ஒளித்து வைக்க முடியாது. அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, 1745: தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரிக்க சர்ச்சுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்ததும், அவர்கள் முறையிட்ட பிறகு அதை இடித்ததும். நாம் செய்ததை நாமே சொல்லிவிட்டால் அவன் சொல்லும்போது கோபம் வராது.

புதுச்சேரி வாசகர்: சரி, ஒத்துக்கொண்டீர்கள். ஆனால் அந்த ஜெபவீட்டின் மேல் இருக்கும் கோபம் 1748 பற்றியது இல்லை. அந்தத் தெருவில் என் அத்தை வீடு இருக்கிறது.

இதைத்தான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். சொல்லுங்கள்.

புதுச்சேரி வாசகர்: ராத்திரி பதினொரு மணிக்கும் பாக்ஸ் அலறுகிறது. ஞாயிறு முழுக்க அத்தை வீட்டு வாசலில் பைக். மாமாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆட்டோ உள்ளே வர முடியவில்லை.

மூப்பர்களே, கேட்டீர்களா? இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. பகலிலும் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல்தான். முப்பது பேர் ஜெபிக்க இரண்டு பாக்ஸ் எதற்கு? நான் பார்த்த தகராறுகளில் பாதி வேதத்தில் ஆரம்பிக்கவில்லை, பார்க்கிங்கில் ஆரம்பித்தது. வெளியூர் அமைப்பு வந்து நோட்டீஸ் ஒட்டுவது அப்புறம்தான். தெருவே உங்கள் பக்கம் நின்றால் யார் கோஷம் போட்டாலும் எடுபடாது. சனிக்கிழமையே அந்த அத்தை வீட்டுக்குப் போங்கள். நற்செய்திக் கைப்பிரதியோடு அல்ல, வெறுங்கையோடு. மன்னிப்புக் கேளுங்கள்.

நெய்வேலி: ஆர்ப்பாட்டத்தை லைவ் போடலாமா?

வேண்டாம்.

சிதம்பரம்: தடை வாங்க முடியுமா?

முதல் பதில்.

குறிஞ்சிப்பாடி: வீடியோ எடுத்து குரூப்பில் போட்டால்தானே உலகத்துக்குத் தெரியும்?

உலகம் வந்து உங்கள் தெருவில் குடியிருக்கப் போகிறதா? ரசீது வாங்கியாகிவிட்டதா, அதைச் சொல்லுங்கள்.

ஜெபவீட்டு உறுப்பினர்: குழந்தைகள் பயப்படுகிறார்கள். ஞாயிறு பள்ளியை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பின்பக்க அறையில் வையுங்கள். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் படித்துக் காட்டுங்கள். ‘அவர்கள் கெட்டவர்கள்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை ஒரே பெஞ்சில் உட்காரப் போகிற பிள்ளைகள்.

புதுச்சேரி வாசகர்: ஞாயிறு நான் அத்தை வீட்டுக்கு வருகிறேன். உள்ளே வந்து பார்க்கலாமா?

வாங்க. ஒன்பது மணி, நானும் அங்கேதான் இருப்பேன். பைக்கை மட்டும் மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள்.