2147483647 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

இது ஒரு பகா எண். அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1 கழித்தால் இது வரும். இந்த வகைப் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர்.

சரி, பத்து இலக்க எண்ணைக் கையால் எப்படிச் சோதிப்பது? இதை வகுக்கும் எண் இருந்தால், அவற்றில் மிகச் சிறியது 46,340-ஐத் தாண்டாது. அதற்குள்ளேயே 4,792 பகா எண்கள்! 1772-ல் கணித மேதை ஆய்லர் இதற்கு ஒரு சுருக்குவழி சொன்னார்: வகுக்கும் எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். இப்படி அதிகபட்சம் 372 முறை வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை சிவப்புச் சட்டை போட்டிருந்தால், சிவப்புச் சட்டைகளை மட்டும் பார்த்தால் போதுமே, அது மாதிரி. (372 வகுத்தலும் சும்மா இல்லை, கை ஓய்ந்துவிடும்.)

31 பகா எண் என்பதால்தான் இதுவும் பகா எண் என்று பலர் நினைக்கிறார்கள். 11-ம் பகா எண்தான், ஆனால் 11 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 2047, 23 × 89 ஆகிவிடுகிறது.