ஏதென்ஸ் கோர்ட்டில் மழைத்தண்ணீர்

கேள்வி: கிரேக்கம் என்றாலே சாக்ரடீஸ், அலெக்சாண்டர் என்றுதான் படித்திருக்கிறோம். சாதாரண ஜனங்கள் வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: உண்டு. கோர்ட் பேச்சுகளைப் படியுங்கள். ஏதென்ஸில் வழக்குக்காரர்தான் எழுந்து பேச வேண்டும். பேசத் தெரியாதவர்கள் காசு கொடுத்து எழுதி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். லிசியாஸ், டெமாஸ்தனிஸ் எல்லாம் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்.

நீங்கள் மாம்பலம் என்பதால் மழைத்தண்ணீர் வழக்கையே சொல்கிறேன். டெமாஸ்தனிஸ் எழுதியது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. 'உன் அப்பா கட்டிய சுவரால் தண்ணீர் என் நிலத்துக்குள் வந்துவிட்டது, 1,000 திராக்மா எடு' என்கிறார் காலிக்ளிஸ். ஒரு திராக்மா என்பது ஏறக்குறைய ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி, பார்த்துக்கொள்ளுங்கள்! எதிராளியோ, 'தெருவில் குப்பையைக் கொட்டி மேடாக்கியதே இவர்கள்தான், வருகிற தண்ணீரை நான் என்ன குடித்துவிடவா முடியும்?' என்று கேட்கிறான். அப்புறம் அம்மாவை இழுக்கிறான். இரண்டு அம்மாக்களும் சிநேகிதிகளாம், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்களாம். அப்படிப் போனபோது காலிக்ளிஸின் அம்மாவே அழுதுகொண்டு காட்டியது, ஈரமாகிக் காய்ந்துகொண்டிருந்த பார்லி மூன்று மூட்டைகூடத் தேறாது, மாவு அரை மூட்டை. எண்ணெய் ஜாடி சாய்ந்ததே தவிர சேதமில்லை. இதற்கா ஆயிரம்?

இன்னொன்று லிசியாஸ் எழுதியது, மனைவியின் கள்ளக்காதலனைக் கொன்றவனின் பேச்சு. வீட்டில் பெண்கள் மாடியில், ஆண்கள் கீழே. குழந்தை பிறந்ததும், அதைக் குளிப்பாட்டப் படி இறங்கி மனைவி விழுந்துவிடக் கூடாதென்று, அவளைக் கீழே விட்டு இவன் மாடிக்கு மாறிக்கொள்கிறான். வினை அங்கேதான்.

கேள்வி: கோர்ட்டில் சொல்வதெல்லாம் நிஜமா சார்?
– அதே வாசகி

பதில்: நல்லா கேட்டீங்க. வழக்கு விஷயத்தில் நான் நம்ப மாட்டேன், பல வழக்குகளில் ஒரு தரப்புப் பேச்சுதான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்ல எதிரே உட்கார்ந்திருப்பது 201 பேரோ 501 பேரோ, எல்லாரும் அதே ஊர் ஆண்கள். மாடி, பார்லி, அம்மாக்களின் சிநேகம் என்று போகிற போக்கில் சொல்வது அவர்களுக்கு நடப்புதான் என்று தோன்ற வேண்டும், இல்லையென்றால் சிரித்துவிடுவார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே பேச இடமில்லை, அதனால் அந்த அம்மாக்கள் பேசியதும் மகன் வாயிலாகத்தான் நமக்கு வருகிறது.