மூக்கோரக் கட்டிக்குக் களிம்பு போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வந்தவர். மூக்கோரத்தில் மிளகளவு கறுத்த கட்டி. மச்சம் என்றே விட்டுவிட்டோம். பிறகு நடுவில் புண்ணாகி, ஆறுவதும் கசிவதுமாக இருந்தது. பயாப்சியில் 'நாடுலர் பேசல் செல் கார்சினோமா' என்ற தோல் புற்று என்று வந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார். களிம்பு பூசியே சரிசெய்யலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: மூக்குக்குக் களிம்பை நம்ப வேண்டாம். இமிகுவிமாட், ஃப்ளோரோயுராசில் ஆகிய இரண்டு களிம்புகளும் தோலின் மேல்பரப்பில் படர்ந்த வகைக்கே ஏற்றவை. 'நாடுலர்' வகை ஆழத்தில் முடிச்சாக வளரும். மேலே ஆறியதுபோலத் தெரியும். அடியில் மிச்சம் வளர்ந்துகொண்டே போகும். மூக்கு, கண்ணோரம், காது ஆகிய இடங்களில் அப்படித் திரும்பி வருவது குருத்தெலும்பு வரை போய்விடலாம்.

பயப்படும் அளவுக்கு இது பெரிய ஆபரேஷனும் அல்ல. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை நிறுத்துவதால் இதயத்துக்கு வரும் ஆபத்து, தையலில் கசியும் ரத்தத்தைவிடப் பெரிது. மாத்திரைச் சீட்டை அறுவை மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

அதற்கும் அப்பா சம்மதிக்காவிட்டால் கதிர்வீச்சு உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது நல்ல வழி. இளையவர்களுக்குத் தவிர்ப்பார்கள்; பல வருடம் கழித்து அதே இடத்தில் புதுப் புற்று வரக்கூடும் என்பதே காரணம். பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஆறு வாரம் வரை நடக்கும். ஒவ்வொரு முறையும் சில நிமிடமே ஆகும், வலிக்காது. தோலில் போட்ட அடையாளக் கோடுகளைத் தேய்த்துக் கழுவக் கூடாது. மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடம் சிவந்து பொருக்குத் தட்டும். சிகிச்சை முடிந்து சில வாரத்தில் ஆறும். அதே இடத்துக்கு மறுபடி கதிர்வீச்சு தருவது கடினம் என்பதால், தொடங்கினால் நடுவில் விடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் நமக்குப் பக்கம்தான்.

கேள்வி: அம்மாவின் முதுகில் இதே பேசல் செல் புற்று, மேல்பரப்பு வகை. இமிகுவிமாட் 5% களிம்பு பூசி மூன்றாவது வாரம். சிவந்து, நீர் வடிகிறது. நிறுத்தலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: சிவந்து பொருக்குத் தட்டுவது மருந்து வேலை செய்வதால்தான். உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டியே அது புற்றணுக்களை அழிக்கிறது. வழக்கமான முறை: வாரத்தில் ஐந்து இரவு, ஆறு வாரம். இடத்தைக் கழுவி நன்றாகத் துடைத்து, கட்டியோடு சுற்றிலும் ஒரு செ.மீ. வரை மெல்லியதாகப் பூச வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. சுமார் 8 மணி நேரம் கழித்து சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். எரிச்சல் தாங்காவிட்டாலோ காய்ச்சல், உடம்புவலி வந்தாலோ மருத்துவர் சில நாள் இடைவெளி தருவார். விட்ட நாளுக்கு ஈடாக இரட்டிப்பாகப் பூசாதீர்கள். சீழ் வந்தால் உடனே காட்டுங்கள். ஆறிய பின் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ நிற்கலாம்.

இந்த வகைக்கான மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வில், ஐந்து ஆண்டு கழித்துப் புற்று இல்லாதிருந்தவர்கள் இமிகுவிமாடில் சுமார் 80%, ஃப்ளோரோயுராசிலில் 70%, மருந்து பூசி ஒளி பாய்ச்சும் சிகிச்சையில் 63%. ஐந்தில் ஒருவருக்குத் திரும்பலாம் என்பதால், முடிந்து 12 வாரத்தில் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் முதுகைக் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: கார மருந்து வைத்து எரித்தால் தோல் புற்று வேரோடு விழும் என்கிறார்களே?
– வாசகர், தோவாளை

பதில்: விழுவது மேல்தோல். கீழே மிஞ்சிய புற்றை அந்த வடு மூடிவிடுவதால், பிறகு எல்லை கண்டுபிடிப்பதே சிரமம். உதட்டிலோ பழைய தீக்காய வடுவிலோ ஆறாத புண் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். அங்கே வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ் என்ற வேறு வகைத் தோல் புற்று. நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவக்கூடியது. ஏற்கெனவே வைத்திருந்தால், என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, மிச்சமிருப்பதையும் கையோடு கொண்டுபோங்கள்.