மெல்போர்னுக்கு வரலாறு இல்லையா?

"ஆஸ்திரேலியா போன்ற குடியேற்ற நாடுகளின் நகரங்களில் கண்ணாடிக் கட்டடங்களைத் தவிர வரலாறு என்று ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலாவாக வந்து அவசரமாகப் பார்த்துவிட்டுப் போனவராக இருப்பீர்கள். நான் மெல்போர்னில் கட்டுமான வேலைகளில் எலக்ட்ரீஷியன். இதற்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஊரிலிருந்து வந்த என் மனைவியின் அண்ணனும் இதையேதான் சொன்னார்: "மாப்பிள்ளை, எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலின் வயதுகூட இந்த ஊருக்கு இல்லையே!" அவரை ரஸ்ஸல் தெருவும் விக்டோரியா தெருவும் சந்திக்கும் மூலைக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு நினைவுத் தூணில் 888 என்று இருக்கும். 8 மணி நேரம் உழைப்பு, 8 மணி நேரம் பொழுதுபோக்கு, 8 மணி நேரம் ஓய்வு. 1856 ஏப்ரல் 21 அன்று, பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர்கள் 8 மணி நேர வேலை கேட்டு, உளியைக் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்றக் கட்டடம்வரை ஊர்வலம் போனார்கள். 1851இல் தங்கம் கிடைத்ததிலிருந்து ஆட்கள் சுரங்கத்துக்கு ஓடியதால் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. முதலாளிகள் இறங்கிவந்தார்கள், கூலியும் குறையவில்லை. எதிரிலேயே, தொழிலாளர்கள் தங்களுக்கென எழுப்பிய டிரேட்ஸ் ஹால் இன்றும் சங்கங்களின் இடமாக இருக்கிறது. மைத்துனர் அதன் வாசலில் வெகுநேரம் நின்றார்.

வெள்ளையர் புகழ் பாடுகிறேன் என்று யாராவது வரக்கூடும். அந்த 8 மணி நேரம் முதலில் கட்டடத் தொழிலாளருக்கு மட்டுமே கிடைத்தது, எல்லோருக்கும் அல்ல என்பது எனக்குத் தெரியும். 1837இல் நில அளவையாளர் ஹாடில் 99 அடி அகலத்தில் நேர்நேராகத் தெருக்களைக் கோடு போட்ட மண் வெறும் நிலமாக இருக்கவில்லை என்பதும் தெரியும். இந்நகரின் யாரா ஆற்றங்கரை குலின் என்னும் பூர்வகுடி மக்களின் மண். 1835இல் ஜான் பேட்மேன் என்ற வெள்ளைக் குடியேறி போர்வையும் கோடரியும் கொடுத்து அதை வாங்கிவிட்டதாக ஒப்பந்தம் எழுதினார். ஆளுநர் பர்க் அது செல்லாது என்று அறிவித்தார். மக்களுக்கு மண்ணைத் திருப்பித் தருவதற்காக அல்ல, அது மன்னருக்கே சொந்தம் என்பதற்காக! இந்தக் கொடுமையும் இந்நகரத்தின் வரலாறுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், காலையில் வேனில் சாமான் ஏற்றும் நேரத்தையும் மாலையில் இறக்கும் நேரத்தையும் வேலைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். கேட்டால், "எல்லோரும் செய்வதுதானே" என்பார்கள். எங்கள் ஆட்களே, விசாவுக்குப் பயந்து, வாய் திறப்பதில்லை. சங்கத்தில் சேருங்கள் என்று நான் சொன்னால், வம்பு எதற்கு என்கிறார்கள்.