புது லேப்டாப் வாங்கறதுக்கு முன்னாடி

நியூ ஜெர்சில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையன் பதினொன்னாவது, ரெண்டு மாசத்துல எஸ்ஏடி, அதான் அமெரிக்காவுல காலேஜ்ல சேர எழுதற பரீட்சை, சொந்த லேப்டாப்லதான் எழுதப் போறான். ப்ராக்டிஸ் டெஸ்ட் நடுவுல ரெண்டு தடவை ஹேங் ஆயிடுச்சாம், புதுசு வாங்கலாமாங்கறாங்க. போற போக்குல ஒரு வரி: "அவனுக்குத் தெரியாம அவங்கப்பா அதுல ஒரு ஆப் போட்டிருக்கார், அப்பப்ப ஸ்கிரீனை படம் புடிச்சு இவர் போனுக்கு அனுப்பும்."

ஏம்மா, லேப்டாப் என்ன மாடல் எத்தனை ஜிபின்னு ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு இதை மட்டும் ஒரே வரில தாண்டிட்டீங்களே?

2024 மார்ச்ல இருந்து அங்க எஸ்ஏடி புளூபுக் ஆப்லதான், எழுதும்போது வேற எதையும் திறக்க விடாது, மத்ததெல்லாம் மூடிட்டு உக்காருங்கன்னுதான் சொல்றாங்க. ஹேங் ஆனா முதல்ல சந்தேகப்பட வேண்டியது உங்க வீட்டுக்காரர் போட்ட ஆப்பைத்தான். அதைவிட பெரிய வம்பு, பரீட்சை நடக்கிற ரெண்டேகால் மணி நேரமும் அது கேள்விய படம் புடிச்சா என்ன ஆகும்? கேள்விய காப்பி எடுத்தா ஸ்கோரையே கேன்சல் பண்ணலாம். மாட்டப் போறது அவன், அப்படி ஒன்னு இருக்கறதே அவனுக்குத் தெரியாது.

புள்ளைய கவனிக்கறது பெத்தவங்க கடமை, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. பதினாறு வயசுப் பையன்கிட்ட ராத்திரி ஒரு மணிக்கு என்னடா பாக்குறேன்னு கேக்க அப்பாவுக்கு முழு உரிமை இருக்கு, ஆனா எதிர்ல உக்காந்து கேக்கணும். இது கதவிடுக்குல காது வைக்கிற வேலை. நீங்களும் தெரிஞ்சேதான சும்மா இருந்திருக்கீங்க, அவர் மேல மட்டும் பழிய போடாதீங்க.

இதைப் படிச்சதும் அவன் தூங்கும்போது சத்தமில்லாம எடுத்துடலாம்னு தோணும். கூடாது. போட்டவர் அவர், அவர்தான் அவன்கிட்ட சொல்லணும், அவன் முன்னாடியே எடுக்கணும். கத்துவான், ரெண்டு நாள் பேச மாட்டான், பேசாம இருக்கட்டும், அவனுக்கு கோவப்பட காரணம் இருக்கு.

அப்புறம் முழு ப்ராக்டிஸ் டெஸ்ட்ட மறுபடி எழுதச் சொல்லுங்க. அப்பவும் ஹேங் ஆனா ஸ்கூல்ல குடுத்த குரோம்புக் லேப்டாப் இருக்கும்ல, அதுலயே எழுதலாம், ஆயிரம் டாலர் மிச்சம். பரீட்சைக்கு அஞ்சு நாள் முன்னாடி புளூபுக்ல எக்ஸாம் செட்டப் ஓப்பன் ஆகும், அதை அவனே பண்ணட்டும், சார்ஜ் மூணு மணி நேரம் நிக்குதான்னும் அவனே பாத்துக்கட்டும். அவங்கப்பா அந்தப் பக்கமே வர வேண்டாம்.