பட்டறைப் பதில்கள்: பழைய ஜீப்புக்குக் கூலன்ட் ஃபில்டர் தேவையா?

கேள்வி: வணக்கம் அண்ணா. அப்பா 1992இல் வாங்கிய மஹிந்திரா எம்எம்540 டீசல் ஜீப் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை நண்பர்களோடு சகலேஷ்பூர் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓட்டுவேன். போன மழைக்காலத்தில் ஓர் ஏற்றத்தில் ஊர்ந்து ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், செம்மண்ணைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை இரண்டு முறை மாற்றியும் மூன்றே மாதத்தில் மறுபடி அதே நிறம். லாரிகளில் இருப்பதுபோல ஒரு கூலன்ட் ஃபில்டர் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். பொருத்தலாமா? எங்கே, எப்படி?
— வாசகர், மர்ஃபி டவுன், பெங்களூரு

பதில்: பொருத்தலாம் தம்பி. ஆனால் இன்றைக்கு வேண்டாம். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அது மண் இல்லை, துரு. உங்கள் எஞ்சினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த உடல், வார்ப்பிரும்பு. முப்பது வருடத்தில் எத்தனையோ முறை வழியில் கிடைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். அப்போது பிடித்த துரு, சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர்வழியின் அடியில் சேறாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் புதுக் கூலன்ட் ஊற்றியதும் அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேலே வருகிறது. இரண்டு முறை மாற்றியதாகச் சொல்கிறீர்கள். ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்துதானே வடித்தார்கள்? அப்படி வடித்தால் பிளாக்குக்குள் நிற்பது அப்படியே நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு வடிதிருகு இருக்கும். அதைக் கழற்றினாலும் பல வண்டிகளில் ஒரு சொட்டுக்கூட வராது, ஏனென்றால் துளையையே சேறு அடைத்திருக்கும். கம்பியை உள்ளே விட்டுக் குத்திக் கிளற வேண்டும். முதலில் கறுப்பாகக் குழம்பு வரும், பிறகு சிவப்பாகத் தண்ணீர் பீறிடும். கலாசிபாளையத்தில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தபோது நான் முதலில் கற்ற வேலை இதுதான். இன்றும் பழைய ஜீப் வந்தால் என் கை முதலில் போவது அந்தத் திருகுக்குத்தான்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிவிட்டு, மேல் ஹோஸ் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி, கீழே தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி, எஞ்சினைச் சூடேற்றி அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்துவிடுங்கள். அடுத்து சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முறை, வெறும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். அது ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் அலுமினியப் பாகங்களையும் தின்றுவிடும். ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி, மேல்தொட்டியைப் பிரித்து, தட்டைக் குழாய் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இந்தக் கழுவலில் பிளாக்கின் வெல்ஷ் பிளக் (வார்ப்புத் துளையை மூடும் தகட்டு மூடி) ஏதாவது கசியத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். அது ஏற்கெனவே ஓட்டையாகித் துருவால் மட்டுமே அடைபட்டிருந்தது. மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்தும்போது குமிழிகள் நிற்காமல் வந்தால், ஹெட் கேஸ்கட்டில் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) கோளாறு இருக்கலாம். அதற்கு ஃபில்டர் மருந்தில்லை. ஏற்றத்தில் சூடேறியதற்கு வெளிக் காரணமும் இருக்கும். லோ கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி நடைவேகத்தில்தான் போகும். எதிர்காற்றே இல்லாமல் விசிறி மட்டும்தான் குளிர்விக்க வேண்டும். அந்த நேரத்தில் ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே சகலேஷ்பூர்ச் சேறு காய்ந்திருந்தால் விசிறியால் என்ன செய்ய முடியும்? எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அழுத்தம் அதிகமானால் இதழ்கள் மடங்கிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஃபில்டர். எவ்வளவு கழுவினாலும் பிளாக்கின் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் துரு ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த ஒரு வருடம் அது உதிரும். உதிர்வதைப் பிடித்துக்கொள்ளத்தான் ஃபில்டர் வேண்டும். அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலுக்குப் பல உரிமையாளர்கள் இதைப் பொருத்தினார்கள். வார்ப்பில் தங்கிய மணலும் கூலன்ட் படிவும் ஆயில் கூலரின் மெல்லிய வழிகளை அடைத்துவிடுவதுதான் அங்கே பிரச்சினை. உங்கள் ஜீப்பில் முதலில் அடைபடுவது ரேடியேட்டரின் தட்டைக் குழாய்கள்.

லாரி ஃபில்டரை அப்படியே வாங்கிவிடாதீர்கள். பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனர் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்) நேரடியாகக் கூலன்ட்டில் நிற்கும். ஓட்டத்தின் அதிர்வில் லைனரின் வெளிப்புறத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பை ஊசியால் குத்தியதுபோல் அரிக்கும். அதைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சில ஃபில்டர்களுக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். நீங்கள் ஊற்றும் கூலன்ட்டோடு அது ஒத்துப்போகாவிட்டால் புதுத் தொல்லை. வேதிப்பொருள் இல்லாத வெறும் ஃபில்டர், அதற்கேற்ற தலைப்பகுதி, திறந்து மூட இரண்டு பந்து வால்வு (ball valve), சூடு தாங்கும் ஹீட்டர் ஹோஸ், நல்ல கிளிப்புகள், இவ்வளவு போதும். ஜேசி ரோட்டில் கனரக வாகன உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆயில் ஃபில்டரை மாட்டாதீர்கள். அதன் காகிதமும் பசையும் எண்ணெய்க்காகச் செய்தவை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டரை இதற்கு மாட்டிய ஒரு ஜீப் என் பட்டறைக்கு இழுத்துவரப்பட்டது. சூட்டிலும் அழுத்தத்திலும் அது பிளந்து, கூலன்ட் முழுவதும் கனகபுரா சாலையில் கொட்டிவிட்டது.

பொருத்தும் இடம்தான் முக்கியம். ரேடியேட்டருக்குப் போகும் பெரிய ஹோஸில் ஒருபோதும் இதைச் செருகக் கூடாது. ஃபில்டர் அடைபட்டால் எஞ்சின் கொதித்துவிடும். கிளைவழியாகத்தான் பொருத்த வேண்டும். சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஹீட்டருக்குக் கூலன்ட் வெளிவரும் இடத்தில் அழுத்தம் அதிகம், அங்கிருந்து ஒரு கிளை எடுங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அதைத் திருப்பிச் சேருங்கள். ரேடியேட்டரின் மேல்தொட்டிக்குத் திருப்பினால், தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதே கொஞ்சம் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய், காலையில் எஞ்சின் சூடாக நேரமெடுக்கும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதற்கு இணையாக இது ஓட வேண்டும், அதன் வழியிலேயே குறுக்கே நிற்கக் கூடாது.

கிளைவழியில் கொஞ்சம்தானே போகும் என்று தோன்றலாம். மொத்தம் 9 லிட்டர் கூலன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் வழியாக நிமிடத்துக்கு 3 லிட்டர் போனாலும் அரை மணி நேரத்தில் 90 லிட்டர், அதாவது பத்துச் சுற்றுக்குச் சமம். சகலேஷ்பூர் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ முறை வடிகட்டியாகிவிடும்.

ஃபில்டர் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். புகைக்குழாயிலிருந்து விலகி, கல் அடிக்காத உயரத்தில், அதிராத தாங்கியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வால்வு வைத்தால், மாற்றும்போது ஒரு கோப்பைக் கூலன்ட்தான் வீணாகும். புது ஃபில்டரில் கூலன்ட்டை நிரப்பி மாட்டுங்கள். பிறகு காற்று முழுவதும் வெளியேறும்வரை மூடியைத் திறந்து வைத்து ஓடவிடுங்கள்.

முதல் ஃபில்டரை 1,000 கிலோமீட்டரில் கழற்றி, தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து கண்ணை ஏமாற்றும், ஃபில்டர் வெட்டும் கருவியால் வெட்டுங்கள். மடிப்புகளை விரித்து ஒரு செய்தித்தாளில் பரப்புங்கள். விரலுக்கிடையே மாவுபோல் தேயும் சிவப்பு, பழைய துரு. கறுப்பாக இருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட காந்தத்தில் மீசைபோல் ஒட்டினால் அதுவும் இரும்பு ஆக்சைடுதான். வெள்ளைச் செதில் இருந்தால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு. கொழகொழவென்று ஜெல்லி இருந்தால் இருவகைக் கூலன்ட் கலந்திருக்கலாம். கறுத்த ரப்பர்த் துணுக்கு இருந்தால் ஹோஸ் உள்ளே உதிர்கிறது. பளபளக்கும் உலோகச் சீவல் இருந்தால் வாட்டர் பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள், அதன் சக்கரம் உறையில் உரசிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது ஃபில்டர் 5,000 கிலோமீட்டருக்கு ஓடட்டும். அதில் சிவப்பு குறைந்திருந்தால் அப்பாவின் எஞ்சின் உள்ளே தேறிவருகிறது என்று பொருள். அந்தத் தாளை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: நான் ஓட்டுவது 1998 ஜிப்சி கிங். சூடேறுகிறது என்று காட்டினால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம், நம் ஊருக்கு அது தேவையே இல்லை என்கிறார் மெக்கானிக். சரியா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சரியில்லை சகோதரி. இந்தப் பழக்கத்தால் கெட்ட எஞ்சின்கள் ஏராளம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நெடுநேரம் குளிராகவே ஓடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் ஈரமும் கசடும் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். டிசம்பர் மாதப் பெங்களூருக் காலையில் சோக்கை எவ்வளவு நேரம் இழுத்துவைக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்து, சமையல் வெப்பமானியைப் பக்கத்தில் பிடியுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டி வட்டு மெல்ல எழும்ப வேண்டும். கொதிக்கும்வரை எழும்பாவிட்டால் புதியது போடுங்கள். எழும்பினால் அது நல்ல தெர்மோஸ்டாட், கோளாறை வேறிடத்தில் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபில்டர் மாட்டிவிட்டால் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றலாமா?
— வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: கூடாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு ஃபில்டரில் நிற்காது. மிதக்கும் துகளை மட்டுமே அது பிடிக்கும். கரைந்த சுண்ணாம்பு, சூடான இரும்புச் சுவரில்தான் போய்ப் படியும். வாளியில் வெள்ளைப் படலம் விடும் தண்ணீர் எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நம் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால், திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கலந்தால் கொதிநிலை ஏறும், அழுத்தம் தாங்கும் நல்ல ரேடியேட்டர் மூடி அதை மேலும் ஏற்றும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: வடித்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது?
— வாசகர், ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: திறந்த சட்டியில் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். எங்கள் பட்டறை நாயை நான் அப்படித்தான் இழந்தேன். இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்திருந்தது, மூன்றாம் நாள் போய்விட்டது. அன்றிலிருந்து வடிப்பதை அப்போதே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வைக்கிறேன். தெருவோரச் சாக்கடையிலோ ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாயிலோ ஊற்ற வேண்டாம், அது ஏதாவதோர் ஏரியில்தான் போய்ச் சேரும். கேன் நிறைந்ததும் பழைய ஆயிலைச் சேகரிக்கும் உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கேளுங்கள். ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், கலந்தால் இரண்டையும் வாங்க மாட்டார்கள்.