வீட்டுத் தரகரும் நீங்களும்: வாசகர் கேள்விகள்

(தாம்பரம் பகுதியில் 31 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: திருச்சியிலிருந்து மாற்றலாகி சென்னைக்கு வருகிறோம். தாம்பரம், முடிச்சூர் பக்கம் 60 லட்சத்துக்குள் பழைய தனி வீடு ஒன்று வாங்க எண்ணம். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. நான்கு தரகர்கள் போனில் பேசுகிறார்கள். இவர்களில் நல்லவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா?

பதில்: ரெரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணையத்தில் பதிவாக வேண்டிய புதுக் குடியிருப்புகளையும் மனைப்பிரிவுகளையும் விற்றுத் தரும் முகவர் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் தேடுவதோ ஒருவர் குடியிருந்த பழைய தனி வீடு. அதற்கு இந்தக் கட்டாயம் கிடையாது. எண் இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம், இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். வீட்டின் குறையை, நாம் கேட்பதற்கு முன்னால் அவராகவே சொல்கிறாரா?

2018-இல் என் மகளுக்காக முடிச்சூரில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வாசலில் கோலம், புதுச் சுண்ணாம்பு, பளபளவென்று டைல்ஸ். என் மனைவி அப்போதே பூஜை அறை எது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். கூட வந்த தரகர், “சார், உள்ளே அப்புறம் போகலாம், முதலில் இங்கே வாங்க” என்று என்னை மட்டும் பக்கவாட்டுச் சந்துக்கு அழைத்துப் போனார். கரண்ட் மீட்டர் பெட்டி தலைக்கு மேலே இருந்தது. இடுப்பு உயரத்தில் நான்கு ஆணித் துளைகள், பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். “பதினஞ்சுல தண்ணி வந்தப்போ மீட்டர் முழுகிடுச்சு. அப்புறம்தான் மேலே ஏத்தினாங்க” என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் என்ன பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்பது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதைக் காட்ட உள்ளூர்க்காரர்தான் வேண்டும். அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவரே காட்டிய வேறொரு வீட்டை வாங்கினோம். அவருக்குக் கொடுத்த கமிஷனை இன்றைக்கும் மனநிறைவோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே உங்கள் நான்கு பேரிடமும் இதையே கேளுங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? மே மாதத்தில் போர் தண்ணீர் வருமா, லாரி வாங்க வேண்டுமா? “அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை சார்” என்று எல்லாத் தெருவுக்கும் ஒரே பதில் சொல்கிறவர் உங்களுக்கு வேண்டாம். அப்படியே ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய் நில்லுங்கள்.

தெருவுக்குத் தரகர் சரி. பத்திரத்துக்கு அவரை நம்பி இருக்காதீர்கள். குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாய்ப் பத்திரத்தின் (சொத்து முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் பழைய பத்திரம்) அசலை ஒருமுறையாவது கையில் வாங்கிப் புரட்டுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கேயோ அடகில் இருக்கலாம், அது வில்லங்கத்தில் வராமலும் போகலாம். வக்கீல் நீங்கள் தேடிப் பிடித்தவராக இருக்கட்டும், தரகர் சொல்லும் வக்கீல் வேண்டாம்.

கேள்வி: எங்கள் தரகர், “ஓனரிடம் நீங்கள் விலை பேசாதீர்கள், காரியம் கெட்டுவிடும்” என்கிறார். 2 லட்சம் டோக்கன் அட்வான்ஸை ரொக்கமாகத் தன்னிடம் தரச் சொல்கிறார். தரலாமா? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: தராதீர்கள் அம்மா. வீடு, மனைக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே இடம் தருவதில்லை. செக்கோ வங்கிப் பரிமாற்றமோ, விற்பவர் பெயருக்கு நேராகப் போக வேண்டும்.

ஓனரைப் பார்க்கவிடாமல் தடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விலைதான். ஒரு நாள் என் மேஜையில் கிரய ஒப்பந்தத்தின் வரைவை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். “ரூபாய் நாற்பத்தொன்பது லட்சம்” என்று படித்ததும் விற்கும் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “நாற்பத்தாறுதானே தம்பி சொன்னாங்க?” என்றார். வாங்க வந்த தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தரகர் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு, நடுவில் 3 லட்சத்தையும் எடுக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பெரியவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மகளின் கல்யாணத்துக்காக விற்க வந்தவர் அவர்.

விலை பேசும்போது மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். தரகு இவ்வளவுதான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆளுக்கு 1 சதவீதம் வழக்கம், 2 கேட்பவர்களும் உண்டு. எவ்வளவு, எப்போது என்பதை வீடு பார்க்கத் தொடங்கும்போதே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பத்திரம் பதிவான அன்று முழுத்தொகை என்பதுதான் நல்லது. “ரிஜிஸ்ட்ரேஷன் செலவு மொத்தம் இவ்வளவு” என்று ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அரசுக்கு. 58 லட்சத்துக்கு 5,22,000 ரூபாய். மிச்சம் யாருக்கு, எதற்கு என்று அவர் சொல்லட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். இதைப் பல தரகர்கள் சொல்வதே இல்லை, பின்னால் நோட்டீஸ் வருவது வாங்கியவருக்குத்தான்.

கேள்வி: தரகர் காட்டிய வீடு பிடித்துவிட்டது. இப்போது ஓனரே போன் செய்து, “அவரை விட்டுவிட்டு நேராக வாருங்கள், 50,000 குறைத்துக்கொள்கிறேன்” என்கிறார். போகலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: போகாதீர்கள். அந்த வீட்டுக்கு உங்களை அழைத்துப் போனவர் வெயிலில் வண்டி ஓட்டி, பத்து வீடு காட்டி, அதில் ஒன்று முடிந்தால்தான் சம்பளம் என்று இருப்பவர். அவர் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியை மறுப்பது தவறு. பேசிய கமிஷனை நம்பி உழைத்த தரகரையே ஏமாற்றத் தயாராக இருக்கும் அந்த ஓனர், பத்திரத்தில் உங்களிடம் எதை மறைக்கிறாரோ என்றும் யோசியுங்கள். தரகரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். அந்த 50,000-ஐ அவரை வைத்தே குறைத்துக் கேட்கலாம்.